கப்பல் வாந்தி அல்ல

மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் ஏறும்போதே என் மனைவிக்குக் கால் பின்னியது. ரெண்டு மூணு நாளாகக் காய்ச்சல். "என் தங்கச்சி வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகலேன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா, வாங்க" என்று கிளப்பிவிட்டாள்.

கப்பல் போர்ட் பிளேர் பக்கம் திரும்பியதும் வாந்தி தொடங்கியது. எங்கள் அந்தமான் தீவுகளில் கப்பலில் ஒருத்தர் வாந்தி எடுத்தால் யாரும் பதறமாட்டார்கள். ஒரு கையில் கவர், மறு கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கப்பல் வேலையாள் கலாசி வந்து, "நிம்பூ சூங்கோ, பாபி" என்று மோந்து பார்க்கச் சொல்லிப் பழத்தை நீட்டினான். பக்கத்து இருக்கை அம்மா, "மெயின்லேண்டுல இருந்து புதுசா வந்தவங்களா?" என்று சிரித்தார்.

"இங்கயே பிறந்தவம்மா. கப்பல் குத்துக்கரணம் போட்டாலும் மீன்குழம்பு ஊத்திச் சாப்பிடுவா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கடலைப் பார்த்தேன். தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. இவளுக்கு எதற்கு வாந்தி?

பல வருஷங்களுக்கு முன் அவளுக்கு மூளையில் கட்டி. சென்னையில் அறுத்தார்கள், மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நம் ஜனங்கள் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். கட்டி போய்விட்டது என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். வருஷம் ஏற ஏற அவளுக்கு எப்போதும் அசதி, வெயிலிலும் குளிர், பேச்சின் நடுவே வார்த்தை நழுவும். "மகாராணிக்கு இன்னும் விடியலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்போது அவள் கை ஈரத்துணி மாதிரி சில்லிட்டிருந்தது. கலாசியைக் கூப்பிட்டு, மூளைக் கட்டி, கரண்ட் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கொட்டினேன். அவன் சிரிப்பு நின்றது. கேப்டனிடம் ஓடினான். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு ஆம்புலன்ஸ் வரச் சொல்லியாயிற்று என்று வந்து சொன்னான். ஆனால் ஜெட்டி இன்னும் கண்ணில் படவில்லை.

தூங்கவிடக் கூடாது என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நம்ம பசு என்ன நிறம்?"

"செவலை."

"கன்னு?"

அவள் கண் செருகியது. பக்கத்து இருக்கை அம்மா சத்தமில்லாமல் அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், பிரஷர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார். கரண்ட் வைத்த கதையைக் கேட்டதும் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஊசி போட்டார். பிறகு விளக்கினார்: மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி. கட்டியைச் சுட்ட கதிர் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கியிருக்கிறது. காய்ச்சலைத் தாங்க உடம்புக்கு வேண்டிய ஹார்மோனை அதனால் சுரக்கவைக்க முடியவில்லை. "கரண்ட் நின்றாலும் அது செய்கிற வேலை நிற்பதில்லை" என்றார். இனி ஆயுசுக்கும் மாத்திரை. காய்ச்சல் வந்தால் கூடுதலாக. வாந்தி எடுத்தால் அங்கேயே, அப்போதே ஊசி.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். "ஏங்க, என் இன்னொரு செருப்பு எங்க?"

ஜெட்டியில் அவளைத் தூக்கி இறக்கும்போது ஒன்று தண்ணீரில் விழுந்திருந்தது. "கடல்ல நீந்துது" என்றேன்.

ஊசி போட நர்ஸ் எனக்குச் சாத்துக்குடியில் பழக்கினார். அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழம் கத்தாது. நான் கத்துவேன். உங்க கை இப்படி நடுங்கினா நான் கப்பல் ஏறமாட்டேன். இங்கயே டாலிகஞ்ச்ல தங்கச்சி வீட்டோட இருந்துக்கறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. வழியில் மறுபடி வாந்தி வந்தால் என் கையைத்தான் நம்பவேண்டும்.

கிளம்ப வேண்டிய நாளில், அன்றைக்குரிய ஊசியை நர்ஸ் என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தொடையைத் துடைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குத்தினேன். மருந்து மெல்ல மெல்ல இறங்கியது.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

முகத்தை என் பக்கம் திருப்பினாள். "சரி, போய் டிக்கெட் எடுங்க."