சரிவில் நின்றவள்

"நேரா நில்லு!"

பிறந்ததிலிருந்து அவள் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். வலது கால் இடதைவிட ஒரு விரற்கடை குட்டை. பள்ளியில் புகைப்படம் எடுத்தபோதும் சரி, கல்யாண மேடையிலும் சரி, அம்மா காதோரம் வந்து அதையே கிசுகிசுத்தாள். அடித்தட்டு உயர்த்திய செருப்பு, இறுக்கிப் பிடித்த இடுப்பு, ஆடாத தோள் என்று அந்த வித்தை அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. குதிகால் வலி என்று சாக்குச் சொல்லி வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றமாட்டாள். அம்மாவைத் தவிர விஷயம் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவள் நொண்டுகிறாள் என்பது முதலாளிக்குக்கூடத் தெரியாது.

"சும்மா காத்தாட வாங்க அண்ணி" என்று அவளை கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துப்போனது நாத்தனார். போனவளுக்கு ஆட்டம் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. இப்போது மகளிர் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கு மோதுகிறவர்கள் இவர்கள் இருவரும்தான். இன்று குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு இடம்.

சமதளத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. இறக்கத்தில் பந்து கிடந்தால்தான் வந்தது வினை. மட்டை பந்தைத் தொடுமுன்பே மண்ணில் குத்திக்கொள்ளும். இன்றும் பாதி ஆட்டத்தில் அப்படித்தான் ஒன்று நடந்தது.

"பந்தை அடிக்கச் சொன்னா கிணறு வெட்டுறீங்களே அண்ணி! தண்ணி வந்தா சொல்லுங்க, பாட்டில்ல பிடிச்சுக்கறேன்."

"வாயை மூடுடி. உங்க அண்ணன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

"பாவம், அவரே உங்ககிட்ட வாயை மூடிட்டுத்தான் இருக்காரு!"

கடைசிக் குழி. அதுவரை இருவரும் சமம். நாத்தனார் ஐந்து அடியில் முடித்துவிட்டாள். அண்ணி நாலில் முடித்தால் இடம் அவளுக்கு. இரண்டு அடித்தாயிற்று. பந்து கிடந்ததோ செங்குத்தான இறக்கத்தில்!

அணித் தலைவியான விளையாட்டு டீச்சர் பயிற்சியில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். "சரிவோட சண்டை போடாதீங்க. தோளை அது சாயுற பக்கமே சாய்ங்க. பாரம் சரிவுல கீழே இருக்கிற கால்ல இருக்கணும். மட்டையும் சரிவோடயே இறங்கணும்."

அவளுக்கு அது புரியாமலா? ஆனால் சாய்ந்தால் இடுப்பு இறங்கும், தோள் தொங்கும். இத்தனை காலம் பூட்டிவைத்த கோணல் ஊரறிய வெளியே வரும். அந்தப் பயத்தில் கடைசி நொடியில் நிமிர்ந்துவிடுவாள். நிமிர்ந்ததும் மட்டை மண்ணில் குத்தும்.

கண்ணை மூடினாள். கடைக்கு வரும் முகங்கள் வரிசையாக வந்தன. இரண்டு காதும் ஒரே உயரத்தில் உள்ள ஆளை அவள் கண்டதே இல்லை. கண்ணாடி கோணலாக உட்கார்ந்தால் அவள் யார் முகத்தையும் திருகுவதில்லை. காதில் மாட்டும் காம்பைச் சூடுகாட்டி வளைப்பாள். தன் உடம்பை மட்டும் ஆயுசு முழுக்கத் திருகிக்கொண்டிருந்திருக்கிறாளே!

இடுப்பைத் தளரவிட்டாள். இடது தோள் இறங்கியது. பாரம் கீழே இருந்த காலுக்குப் போனது. பார்ப்பவர்கள் பார்க்கட்டும்!

வீசினாள். மட்டை சரிவைத் தடவிக்கொண்டு இறங்கியது. பந்து தாழப் பறந்து, புல்லில் உருண்டு, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நொண்டியபடியே இறங்கிப்போய் அதை உள்ளே தட்டினாள்.

நாத்தனாருக்குத் தோற்றதுகூட மறந்துபோயிற்று. "அண்ணி… உங்க கால்…"

"குட்டைடி. பிறவியிலேயே."

"என்கிட்டகூடச் சொல்லலையே!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "என் இடத்தையும் பறிச்சுட்டு, அழவும் வச்சுட்டீங்களே!" என்று சிணுங்கினாள்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் நெருங்கி வந்தார். "இடம் உங்களுக்குத்தான். ஆனா போட்டி நடக்கிற மைதானம் முழுக்க மேடு பள்ளம். சமாளிப்பீங்களா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துக்கொண்டு, மறுபடி அந்தச் சரிவில் ஏறத் தொடங்கினாள்.