பெயிண்டரின் கோட்டிங் கணக்கு

எந்த வீட்டில் வேலை என்றாலும் முதல் சொட்டு மச்சினன் தலையில்தான் விழும். வருஷக்கணக்காக இதே கதை. மேலே ஏணியில் நின்று பிரஷ் பிடிப்பவர் அவன் அக்கா புருஷன். கீழே நின்று ஏணியைப் பிடிப்பவன் அவன். நரைத்த முடியில் வெள்ளை, கழுத்தில் பச்சை, காதுக்குள் காவி. "மாமா, ஒரு தடவை நான் ஏறுறேனே" என்று கேட்டுக் கேட்டே அவனுக்கு வயசாகிவிட்டது. பதில் மட்டும் மாறவில்லை.

"உனக்குத் தலை சுத்தும் மாப்ளே. கீழ நில்லு. கீழ நிக்கறதும் வேலைதான்."

பெயிண்டர் ஒல்லி. தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சுவரும் கூரையும் சேருகிற மூலையில் டேப் ஒட்டாமல் ஒரே இழுப்பில் கோடு போடுவார். அப்போது நாக்கு நுனி வாயோரம் எட்டிப் பார்க்கும். யாரும் தும்மக்கூடாது. கலர் சொல்ல வருகிற வீட்டுக்காரர்களுக்குத் தலையை ஒரு மாதிரி ஆட்டுவார். 'நீ சொல்றதைச் சொல்லு, நான் அடிக்கிறதைத்தான் அடிப்பேன்' என்று அதற்கு அர்த்தம். ஈரச் சுவரில் தன் விரல் பட்டதே கிடையாது என்பது அவருடைய பெரிய பெருமை. மச்சினன் முழங்கை தப்பித்தவறிப் பட்டுவிட்டால் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. "கண்ணை எங்கடா வெச்சிருக்கே, முதுகுலயா?"

சாயங்காலம் வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்காருவார். பையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் வரும், அதற்குப் பின்னாலேயே பாட்டிலும் வரும். "காயறதைப் பாக்காம போறவன் பெயிண்டரே இல்ல" என்பார். சுவர் காய்கிற வரைக்கும் தொண்டை மட்டும் ஈரமாகவே இருக்கும்.

பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"காலைல மாத்திரை. அது ஒரு கோட்டிங். சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். காஞ்சது மேல இன்னொரு கோட்டிங் அடிச்சா என்ன, உரிஞ்சா வந்துடும்?"

அக்கா இந்தக் கணக்கைக் கேட்டுக் கரண்டியைத் தூக்கிப் போட்டாள். அன்றிலிருந்து புருஷனிடம் கேட்பதை விட்டுவிட்டாள். தம்பிக்குத்தான் போன் வரும். "டேய், மாத்திரை போட்டாரா?" போட்டார் என்று சொன்னால், "நீ பார்த்தியா?" என்பாள். அவரைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், அக்காவிடம் பொய் சொல்லவும் முடியாமல், ஏணிக்கு நடுவில் மாட்டிய துணி மாதிரி அவன் தொங்குவான்.

போன மாதம் ஒரு பெரிய ஹாலில் வேலை. கூரை உயரம், பெரிய ஏணி. கீழ்ச் சுவரை முடித்துவிட்டு அவர் டப்பாவில் உட்கார்ந்து டம்ளரைப் பாதி காலி செய்திருந்தபோது போன் வந்தது. மச்சினன் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தான். காலை மாத்திரை அட்டையோடு அப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, மறந்துட்டீங்க."

"அதுக்கென்ன, இப்போ போட்டாப் போச்சு." பிதுக்கினார், வாயில் போட்டார், டம்ளரில் இருந்ததை ஊற்றி விழுங்கினார். "போட்டாச்சுன்னு சொல்லு உங்கக்காகிட்ட. இந்தத் தடவை நீ கண்ணாலயே பார்த்தே."

"மாமா, தண்ணியாவது..."

"இதுலயும் தண்ணி கலந்துதான்டா இருக்கு."

கொஞ்ச நேரம் பேசினார், சிரித்தார், இன்னொரு டம்ளரும் ஆயிற்று. கிளம்பலாம் என்று எழுந்தார். எழுந்த மனுஷன் எதையோ தேடுகிற மாதிரி கையை நீட்டினார். முகம் பிரைமர் அடித்த சுவராக வெளுத்துவிட்டது. உள்ளங்கை ஈரச் சுவரில் பதிந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு கீழே வந்தது. மச்சினன் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி டப்பாமேல் வைத்தான்.

கண்ணைத் திறந்ததும் அவர் பார்த்தது சுவரை. ஐந்து விரலும் இழுத்த கோடு.

"யார்டா கை வெச்சது?"

மச்சினன் அவர் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். பெயிண்டர் அங்கேயும் தன் கோட்டிங் கணக்கைச் சொன்னார். "மாத்திரை காயாதுங்க. ராத்திரி பகல் உள்ள வேலை செஞ்சுகிட்டே இருக்கும். அதுவும் பிரஷரை இறக்கும், குடியும் சேர்ந்து இறக்கும். எழுந்து நின்னா தலைக்கு ரத்தம் போகாது. குடியை விடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஏணி ஏறாதீங்க" என்றார் டாக்டர்.

"ராத்திரியுமா வேலை வாங்கறீங்க? பாவம் டாக்டர் அது."

டாக்டர் சிரிக்கவில்லை. பெயிண்டர் தலையை ஆட்டினார். கலர் சொல்ல வருகிறவர்களுக்கு ஆட்டுகிற அதே ஆட்டல்.

நேராக ஹாலுக்கு வந்தார்கள். பெயிண்டர் உப்புத்தாளை எடுத்து, சுவரில் காய்ந்திருந்த கைத்தடத்தைத் தேய்த்து, அதன் மேல் ஒரு கோட்டிங் அடித்து மூடினார். இனிக் கூரையோர வேலைதான் பாக்கி. மச்சினன் ஏணியைச் சாய்த்தான். ஆனால் வழியை விடாமல் முன்னாலேயே நின்றான்.

"தள்ளுடா."

"மாட்டேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

அவனை ஒதுக்கிவிட்டு ஒரு படி ஏறினார். இரண்டாவது படியில் கால் வைத்தவர் நின்றார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கை ஏணியை இறுக்கியது. பிறகு, எதையோ மறந்து வைத்துவிட்ட ஆள் மாதிரி, மெதுவாக இறங்கினார். பிரஷைத் திருப்பி, பிடியை மச்சினன் பக்கம் நீட்டினார்.

"நீ ஏறு மாப்ளே. நான் புடிச்சுக்கறேன்."

இத்தனை வருஷம் கேட்டது கைக்கு வந்தபோது அவனுக்கு வேண்டாம் போலிருந்தது. வாங்கிக்கொண்டு ஏறினான். உச்சிப்படியில் நின்று குனிந்து பார்த்தால், கீழே ஏணியின் இரண்டு காலையும் அணைத்துக் கட்டிக்கொண்டு, அவனையே பார்த்து அண்ணாந்திருந்தது ஒரு வழுக்கைத் தலை.

"மாப்ளே, சொட்டாம அடிடா."