மேல்காற்று நாளில் வந்த சம்பந்தம்

வெறுஞ்சட்டியில் கல்லுப்பைப் போட்டு வறுத்தால் படபடவென்று பொரியுமே, அந்தச் சத்தம் போதும். எங்கள் வீட்டு முதல் டிவி எழுந்து வந்து எதிரே நின்றுகொள்ளும். இப்போது மொட்டை மாடியில் டிஷ் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து இறங்கி வரும் படத்தைக் குறுக்கே ஒரு கருமேகம் வந்து குடித்துவிடுகிறது. மழை விட்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எழுபதுகளின் கடைசியில், மெட்ராஸ் படம் மரக்காணத்துக்கு வர, கடலும் காற்றும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது.

ஆன்டெனா கட்டிய மெக்கானிக் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். "காத்து அசையாம, ஒடம்பு பிசுபிசுன்னு இருக்குற சாயங்காலம் போட்டுப் பாருங்க. குளுந்த கடலு மேல சூட்டுக்காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும். அதுக்கு அடியிலயே டிவி அலை வளைஞ்சி வந்துடும். மேக்காத்து அடிச்சா மூடி கலைஞ்சிடுங்க."

அப்பா உப்பளக்காரர். பிசுபிசுப்பு என்றால் அவருக்கு உப்பு விளையாத நாள், உருப்படாத நாள். மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று வீசி வானம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தால், உலகத்தில் எல்லாமே விளையும்.

அக்காவைக் கேட்டு வந்த திண்டிவனத்துக்காரர்களுக்கு அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறித்தார். பெண்ணை முன்பே பார்த்துப் பிடித்துப்போயிருந்தது. சீரில் டிவியும் உண்டு என்று அப்பா வாயை விட்டிருந்தார். அது ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றுவார்களாம். பெண்ணுக்கு ஒரு பார்வை, பெட்டிக்கு ஒரு பார்வை.

வெளியே பாத்திகளில் உப்பு பூத்துத் தள்ளியது. பெட்டிக்குள் வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி மாடியேறினார். இந்தக் கல்யாணமே அந்தக் கம்பத்தில் தொங்குவதுபோலத் திருகினார்.

"தெரியுதா?"

"இல்லப்பா."

மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியை மென்றபடி எட்டிப் பார்த்தார். "இன்னா சம்பந்தி, உங்க உப்பளத்தையே காட்டுறீங்க?"

மாப்பிள்ளை சிரித்தார். காத்து நின்னா படம் வந்துடுங்க என்று அப்பா இறங்கி வந்து குழைந்தார்.

"பொண்ணும் அப்படித்தானா? காத்து பாத்துதான் வேலை செய்யுமா?"

அதற்கும் மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அக்கா வந்து காபி டம்ளர்களை எடுக்க ஆரம்பித்தாள், பாதி குடித்திருந்ததையும் சேர்த்து.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். "படம் தெளிவா தெரியிற அன்னிக்கு ஆள் அனுப்புங்க. வர்றோம்."

அப்பா தலையாட்டுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கு வராதீங்க. நாங்க படம் பாத்துக்கினு இருப்போம்."