பெரிய மனிதர்களை எழுதித் தருகிறேன்

தொழில்முறை வலைத்தளங்களில் அடுத்தவர் பெயரில் நல்லவராக இருப்பதுதான் என் உத்தியோகம். 'இன்று என் டிரைவரிடம் ஒரு பாடம் கற்றேன்' என்று எவராவது ஒரு எம்.டி. எழுதியதைப் படித்துப் பல்லைக் கடித்திருப்பீர்கள். மன்னியுங்கள், அந்த டிரைவரைப் பெற்றெடுத்தவள் தி. நகரில் ஓட்டை ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நான்தான். என்றைக்காவது என் பெயரிலேயே எழுதும் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது என் ஆசை.

கையில் கத்திரிக்காய்

மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவருக்கு 'எளிமையானவர்' என்று பெயர் வாங்கித் தர வேண்டும். மாட வீதியில் காய்க்கடை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். வியாபாரம் கெட்டுப்போன கடைக்காரம்மாவைப் பார்த்து எனக்கே ஆடிட்டர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்த அம்மாவே சொல்லிவிட்டார்: "போட்டா புடிச்சாச்சில்ல? காய வச்சிட்டு நடையக் கட்டு நைனா!"

அழுகை

பதிவு போட்டதும் முதல் பாராட்டை எங்கள் ஆபீஸ் ஆட்களின் கணக்கிலிருந்து நாங்களே எழுதுவது வழக்கம். ஒருநாள் அவசரத்தில், அடையாறு பில்டர் ஒருவரின் பதிவுக்குக் கீழே அவர் கணக்கிலிருந்தே போட்டுவிட்டேன்: 'சார், உங்கள் பணிவு என்னை அழவைக்கிறது.' வேலை போச்சு என்று பதறிக்கொண்டு போன் செய்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இருக்கட்டும்மா, எடுக்காத. நெறைய லைக் வந்துக்கினு கீது."

வேலை காத்திருக்கும்

அம்மாவுக்கு இதய ஆபரேஷன். முதலாளியிடம் லீவு கேட்டேன். "ஆஸ்பத்திரில லேப்டாப் தெறக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றார். திறந்தேன். அன்று எனக்கு வந்த முதல் வேலை அவர் பெயரில் ஒரு பதிவு: ஊழியரின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் லீவு கொடுத்து அனுப்பிவைத்த முதலாளியின் கதை. 'வேலை காத்திருக்கும், அம்மா காத்திருக்க மாட்டாள்' என்ற வரியை நான் திருத்திக்கொண்டிருந்தபோது அம்மாவைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஒரு வார்த்தை பேசி அனுப்பவில்லை. அம்மா பிழைத்துவிட்டாள், பதிவும் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. முதலாளியோ பூரித்துப்போனார்: "என் மனச அப்படியே எழுதிட்டீங்க!"

சான்ஸே இல்ல

வேளச்சேரியில் ஒரு கம்பெனியில், என் பெயரிலேயே எழுதும் வேலைக்கு இன்டர்வியூ. இதுவரை எழுதியதைக் காட்ட முடியாது, வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மாவின் ஆபரேஷனுக்குக்கூட முதலாளி லீவு தரவில்லை என்றேன். எதிரே இருந்த பெண்மணியின் முகம் மாறியது. "அவரா? சான்ஸே இல்ல மேடம். அவரோட அந்த போஸ்ட்டப் படிச்சுட்டுத்தான் எங்க ஆபீஸ்ல லீவு ரூலையே மாத்தினோம்!"

வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதியதை ஊரே நம்புகிறது, நான் சொன்னதைத்தான் ஒரு ஜீவனும் நம்பவில்லை.