கையை விடச் சொன்ன வேதவல்லி அம்மாள்

வியாழக்கிழமை மதியம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வேதவல்லி அம்மாளின் தம்பி பேசினார். அம்மாள் காலமாகிவிட்டார். போனை வைத்ததும் நான் ஜன்னலோரம் போய் வானத்தைப் பார்த்தேன். எங்கள் மைசூர்ப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம் அது.

அவர் அறிவியல் ஆசிரியை. நான் கணக்கு வாத்தியார். மேகப் பாடத்தை அவர் சமையலறையிலிருந்து தொடங்குவார். "சாதம் கொதிக்கறச்சே மூடியைத் திருப்பிப் பாருங்கோ. ஆவி மேலே போய்க் குளிர்ந்து துளியா நிக்கறதில்லையா? வானத்திலே மூடி கிடையாது. அங்கே தூசியைப் பிடிச்சுண்டு நிக்கறது. அவ்வளவுதான் மேகம்."

ஆனால் சித்திரை மாதத்துப் பிற்பகலில், காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று கிடுகிடுவென உயர்ந்து மேகமாகக் கறுத்துவிட்டால், அவர் முகம் வெளிறிவிடும். "பாடம் நடத்துறவங்களே பயப்படலாமா மேடம்?" என்று சீண்டுவேன். "உள்ளே ஐஸும் தண்ணியும் மோதிண்டு மின்சாரம் சேர்றதுன்னு தெரியறதே சார், அதான் பயம்" என்பார்.

ஒருமுறை மாணவிகளைச் சாமுண்டி மலைக்கு அழைத்துப் போயிருந்தோம். என் மகள் சுதாவும் அந்த வகுப்புதான். படியிறங்கும்போது வானம் இருண்டது. இடி இடித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் ஒரு தனி மரத்தடியில் கைகோத்து ஒண்டினார்கள். நானும்தான் ஓடினேன். வேதவல்லி அம்மாள் பின்னாலேயே வந்து, "வெளியே வாங்கோ! கையை விடுங்கோ! ஒருத்தர் மேலே பாய்ஞ்சா எல்லார் மேலேயும் பாயும்!" என்று அலறினார். அதட்டியே பழக்கமில்லாதவர், சுதாவின் கையை என்னிடமிருந்து பிய்த்து எடுத்தார். கொட்டும் மழையில் எல்லோரையும் ஒருவருக்கொருவர் எட்ட எட்டக் குந்த வைத்தார். என் குழந்தை "அப்பா" என்று அழுகிறாள். நான் தொடக் கூடாது. அவர் மீது எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

அப்போது கண் கூசியது. காது அடைத்தது. நிமிர்ந்தபோது, அந்த மரத்தின் பட்டை உச்சியிலிருந்து வேர்வரை உரிந்து புகைந்துகொண்டிருந்தது. அவருடைய உடம்பு வெடவெடவென்று நடுங்கியதை நான் பார்த்தேன். நடுங்கிக்கொண்டேதான் பிள்ளைகளை எண்ணினார்.

போன வாரம் அவரைப் பார்க்கச் சுதாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வெளியே இடி உறுமியது. அவர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். சுதா கையை நீட்டினாள். பழைய ஞாபகத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "பிடிச்சுக்கோ கொழந்தே" என்றார் அவர். "கட்டடத்துக்குள்ளே ஒண்ணும் ஆகாது. எனக்குப் பயமா இருக்கு."

வியாழன் மாலையே மயானத்துக்குக் கொண்டுபோனோம். சிதைக்குத் தீ வைத்துச் சற்று நேரத்தில் மலைப்பக்கம் கறுத்து, மின்னவும் தூறவும் தொடங்கியது. ஓரத்தில் பெரிய மரம் இருந்தும் எங்கள் பள்ளிக்காரர்கள் யாரும் அதனடியில் ஒதுங்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாக விலகி, நனைந்துகொண்டு நின்றோம். எட்ட நின்று சுதா அழுதாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போகவில்லை.

போய் வாருங்கள் மேடம்.