வாசல் நந்தியாவட்டை

மாடித் தொட்டியில் நந்தியாவட்டைக் கிளையை வெட்டியபோது விரலில் ஒட்டிய பால், இப்போது இடித்துவிட்ட ராஜபாளையம் போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு என்னைக் கொண்டுபோனது. அப்பாவுக்கு மாறுதல் வந்து சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில், ஆளுயரம் வளர்ந்து உள்ளே காய்ந்துகிடந்த வாசல் செடியை அம்மா முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, தூரில் எருவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாமதான் போறோமே, எதுக்கும்மா?" என்றேன்.

"ஏட்டி, பொறவு குடிவாரவுகளுக்குப் பூக்கட்டும்."

மூன்று வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வந்தபோது அந்தக் குவார்ட்டர்ஸையும் எட்டிப்பார்த்தோம். செடி வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அம்மா அதைப் பற்றி விசாரித்தாள்.

"இதுக்கு யாரும் ஒண்ணும் செய்யலக்கா, தானா வளந்தது" என்றாள் அவள்.

"அப்படியா" என்ற அம்மா, அவள் கொடுத்த பூக்களை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.