சூடாக நின்றிருந்த டிராக்டர்

அண்ணி முதலில் செய்தது, அந்தப் பழைய டிராக்டரின் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். மீனாட்சிபுரத்தில் ஒரு பெரியவரின் மாட்டுத்தொழுவத்தை ஒட்டி, வேப்பமர நிழலில் வண்டி நின்றிருந்தது. புதிதாக அடித்திருந்த சிவப்புப் பெயிண்ட்டிலேயே என் அண்ணன் மனதைப் பறிகொடுத்துவிட்டார். இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கையை எடுத்துவிட்டுப் பெரியவரைப் பார்த்தார்.

"எஞ்சின் சுடுதே அண்ணாச்சி?"

"நீங்க வர்றீங்கன்னு இப்பத்தான் ஒருக்கா ஓட்டி வெச்சனுங்க அம்மணி."

"அப்படியா? அப்ப ஆறட்டும். நாங்க இருந்து பாத்துட்டே போறோம்."

அண்ணி பிறந்து வளர்ந்தது மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில். அவருடைய அப்பா அங்கே கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். மலைக்குளிரில் காலையில் வண்டி கிளம்பாமல் அப்பா படும் பாட்டைப் பார்த்தே வளர்ந்ததால், ஓடிச் சூடான எஞ்சினை மறுபடி கிளப்புவது பெரிய காரியமில்லை, ஆறிக் கிடப்பதைக் கிளப்புவதுதான் சோதனை என்று அவருக்குத் தெரியும். கல்யாணமாகி எங்கள் ஊரான எருத்தேன்பதிக்கு வந்து இத்தனை வருடங்களாகியும் அவருடைய மலைப்பேச்சு மாறவில்லை. யாரையும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுக்கு அந்த டிராக்டர் அவசரமாக வேண்டியிருந்தது. அண்ணனின் மானாவாரிக் காடும் என் காடும் அடுத்தடுத்து இருந்தன. மழை பெய்த மறுநாள் ஊரே வாடகை டிராக்டருக்குக் காத்துக் கிடக்கும். எங்கள் முறை வருவதற்குள் மண் காய்ந்துவிடும். முந்தின வருடம் அப்படிக் காய்ந்த மண்ணில் விதைத்த நிலக்கடலை பாதிக்குமேல் முளைக்கவே இல்லை. இன்னொரு வருடம் அதைத் தாங்க முடியாது என்றுதான் பழைய வண்டியாவது வாங்கிவிடலாம் என்று கிளம்பியிருந்தோம்.

எஞ்சின் ஆறும்வரை பெரியவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். மோர் கொடுத்தார்கள், பிறகு சாப்பிடவும் வைத்தார்கள். பெரியவர் விவசாயத்தை விட்டு மாடுகளோடு நின்றுவிடப் போவதாக மட்டும் சொன்னார். வெயில் சாய்ந்ததும் அண்ணி எழுந்துபோய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெரியவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, ஆனால் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் அதே கதைதான். அவர் முகம் கறுத்துவிட்டது.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். "கெளம்பு, போலாம். இவுரு நம்மள ஏமாத்தப் பாத்திருக்காரு."

"இருங்க," என்றார் அண்ணி. "ஏமாத்த நெனைக்கிறவரு, ஆறட்டும்னு நம்மள இம்புட்டு நேரம் உக்கார வச்சிச் சோறு போடுவாரா?"

பெரியவர் தலை நிமிராமல் சொன்னார்: "வந்து பாத்தவங்கெல்லாம் வேண்டாம்னு போயிட்டாங்க. அதுதானுங்க இப்படிப் பண்ணிப்போட்டேன்."

அண்ணி சொன்ன ஏற்பாடு எளிமையானது. மெக்கானிக்கை இங்கேயே வரவழைத்துச் சரிசெய்வது. கூலி எங்களுடையது, சாமான் பெரியவருடையது. சரியாகி எங்களுக்குப் பிடித்தால் வாங்கிக்கொள்கிறோம், பிடிக்காவிட்டால் சரிசெய்த வண்டி அவருக்கே இருக்கட்டும். அண்ணன் முணுமுணுத்தார். ஆனாலும் மறுநாள் மெக்கானிக்கை அழைத்து வந்தது அவர்தான்.

மெக்கானிக் எப்படியோ வண்டியைக் கிளப்பி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். அங்கே புகை தள்ளவில்லை. எஞ்சினின் உள்பாகங்கள் அவ்வளவாகத் தேயவில்லை என்று அதற்குப் பொருள். எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. நாசில்களைக் கழற்றிப் பொள்ளாச்சியில் சோதித்தபோது, டீசலைப் பனிபோலச் சிதறடிக்க வேண்டியவை வாய் ஒழுகுவதுபோல் சொட்டின. புதியவை மாட்டி, ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில் பெரியவர் சாவியைத் திருப்பினார். தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தொழுவத்து மாடுகள் மிரண்டு எழுந்தன. அண்ணன் குழந்தை மாதிரி சிரித்தார்.

அப்போதுதான் பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "இன்னொண்ணு இருக்குதுங்க அம்மணி. அதையுஞ் சொல்லிப்போடறேன். எறக்கத்துல மூணாவது கியரு தானா நழுவும்."

அண்ணி திகைத்துப் போனார். "அத நான் பாக்கவே இல்லயே அண்ணாச்சி."

எங்கள் காட்டுக்குப் போகிற வழி வாய்க்கால் கரையில் செங்குத்தாக இறங்குகிறது. பாரத்தோடு இறங்கும்போது கியர் நழுவியிருந்தால் வண்டியும் அண்ணனும் வாய்க்காலில்தான் கிடந்திருப்பார்கள். அதை நினைத்தோ என்னவோ, அண்ணன் சட்டென்று பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கியர்ப்பெட்டியைத் திறந்து அதையும் சரிசெய்த பிறகே வண்டி எங்கள் ஊருக்கு வந்தது.

இப்போது பெரியவர் தம் மாடுகளுக்குச் சோளத்தட்டை எங்களிடம்தான் வாங்குகிறார். வரும்போதெல்லாம் முதலில் அண்ணியைத்தான் விசாரிப்பார். இந்த வருடம் முதல் மழை பெய்த மறுநாள், ஈரம் குறைவதற்குள் அண்ணன் எங்கள் இரண்டு காடுகளையும் உழுது முடித்துவிட்டார். கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்துக் காட்டுக்காரர் வாசலில் வந்து தயங்கி நின்றார். வாடகை வண்டிக்குச் சொல்லியும் இன்னும் வரவில்லையாம்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "போயிட்டு வாங்க," என்றார் அண்ணி, சோறு போட்ட தட்டை மூடி வைத்துக்கொண்டே. "சோறு எங்கயும் போயிராது. அவுக மண்ணுதான் காஞ்சிரும்."